ஒரே அலைவரிசையில் இருவர் கதைத்தால்

ஐரோப்பாவில் மத்திய அலையில் முறையான ஒலிபரப்புகளின் பட்டை 1602 கிலோஹேர்ட்ஸோடு முடிகிறது. அதற்குச் சற்று மேலே, 1700 வரையான இடத்தில், நெதர்லாந்தின் கள்ள வானொலிக்காரர்கள் இரவில் கூடுகிறார்கள். பாட்டுப் போடுவார்கள். பிறகு ஒருவரையொருவர் கூப்பிட்டு, "என்ர குரல் அங்க எப்பிடிக் கேக்குது?" என்கிற மாதிரி விசாரித்துக் கதைப்பார்கள். உரிமம் கிடையாது, பிடிபட்டால் அபராதம். ஆனாலும் அந்த அரட்டையில் ஒரு முறை உண்டு: ஒருவர் முடித்துத் தன் அலையை நிறுத்தும்வரை மற்றவர் காத்திருப்பார். அவர்களைக் காக்க வைப்பது பௌதிகம்.

அவர்கள் அனுப்பும் ஏஎம் முறையில் (குரலுக்கேற்ப அலையின் வீச்சு கூடிக் குறையும் முறை), பேசாமல் இருக்கும்போதும் குரலைச் சுமக்கும் காவி அலை போய்க்கொண்டே இருக்கும். ஒருவர் 1650 கிலோஹேர்ட்ஸிலும் மற்றவர் 1650.8 இலும் ஒரே நேரத்தில் அனுப்பினால், கேட்பவரின் றேடியோவுக்குள் இரண்டும் கலந்து, அவற்றுக்கிடையிலான வித்தியாசம், 800 ஹேர்ட்ஸ், ஒரு விசிலாகக் காதைத் துளைக்கும். உயர்தரத்தில் படிக்கும் 'அடிப்பு' இதுதான். கோயில் வீதியில் சுருதி சேராத இரண்டு நாதஸ்வரங்கள் சேர்ந்து வாசிக்கும்போது ஒலி அலையடிப்பதும் இதே கணக்கு. எஃப்எம்மில் இந்தத் தொல்லை குறைவு. வலுத்த அலை மெலிந்ததை அப்படியே அமுக்கிவிடும். ஏஎம்மில் இருவர் பேச்சும் கெட்டுப்போகும்.

சரி, ஏன் இரவு? பகலில் சூரிய ஒளி, தரையிலிருந்து 60 முதல் 90 கிலோமீற்றர் உயரத்தில் காற்றை அயனாக்கி, 'டி' படை எனப்படும் படையை உருவாக்குகிறது. மத்திய அலையை அது உறிஞ்சிவிடும். பொழுதுபட்டதும் அங்குள்ள இலத்திரன்கள் அயன்களோடு சேர்ந்துவிட, அலை இன்னும் மேலே போய், அங்குள்ள படைகளில் வளைந்து, தொலைதூரத்தில் இறங்கும். யாழ்ப்பாணத்தில் திருச்சியின் 936, தூத்துக்குடியின் 1053 இரண்டையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த இரவு வித்தியாசம் தெரிந்திருக்கும். பகலில் அவை எட்டுவதற்குக் கடலும் ஒரு காரணம்: உப்புநீர் நல்ல கடத்தி, பூமியின் மேற்பரப்பை ஒட்டிப் பயணிக்கும் தரையலை அதன்மேல் அதிகம் தேயாமல் வரும். தொண்ணூறுகளில், மின்சாரமும் பற்றரியும் இல்லாத காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பிபிசி தமிழோசை கேட்ட ஊர் இது. றேடியோவுக்குத் தேவையான மின்சாரம் எவ்வளவு சொற்பம் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அனுப்புவதுதான் கஷ்டம். 1650 கிலோஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 182 மீற்றர். அதில் கால்பங்கு ஏரியல் என்றாலும் 45 மீற்றர் கம்பி வேண்டும். மேலே உள்ள படைகளும் ஒரு நிலையில் நிற்பதில்லை. இப்போது பக்கத்தில் இருப்பவர்போலக் கேட்கும் குரல், சில நிமிடங்களில் இரைச்சலுக்குள் தாழ்ந்துவிடும். ஆகவே "எப்படிக் கேட்கிறது?" என்ற கேள்வி வெறும் குசலம் இல்லை, அது ஓர் அளவீடு. தன் அலை எங்கே, எவ்வளவு வலுவாக இறங்குகிறது என்பதை அனுப்புபவரால் தன் வீட்டிலிருந்து அறிய முடியாது.

இலங்கையில் உரிமமின்றி அனுப்புவது குற்றம்; ஆசை இருந்தால் அமெச்சூர் வானொலி (பொழுதுபோக்காக அனுப்புவோருக்கான) உரிமம் எடுக்கலாம், 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். நெதர்லாந்துக்காரரைக் கேட்க மட்டும் ஆசை என்றால் கைப்பேசியே போதும். ட்வெந்தே பல்கலைக்கழகம் தன் வானொலி வாங்கியை (ரிசீவரை) இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. ஏஎம் முறையைத் தெரிவுசெய்து, 1611இலிருந்து மெதுவாக மேலே நகர்த்துங்கள். மாரிகாலத்தில் அவர்களின் இரவு ஒன்பது மணி, நமக்கு அதிகாலை ஒன்றரை.