பிளிக்கர் எண்டா என்ன, அதுக்குத் தமிழ் என்ன?

போன மாசம் அக்காவின்ர மோனுக்கு பாட்மின்ரன் மட்ச், உள்ளரங்கில. நானும் கமராவைத் தூக்கிக்கொண்டு போனனான். கொக் பறக்கிற வேகத்துக்கு சட்டரை (கமராவுக்குள்ள வெளிச்சத்தை விடுற கதவு) 1/1000 செக்கனில விட்டு ஒரே அமத்தில பத்துப் பன்னிரண்டு படம் அடிச்சன். வீட்ட வந்து போட்டுப் பாத்தா ஒரு படத்தில பெடியன்ர சேர்ட் நல்ல வெள்ளை, அடுத்ததில தேத்தண்ணி ஊத்தினமாதிரி ஒரு மண்ணிறம், அதுக்கடுத்ததில தலைப்பக்கம் வெளிச்சம் கால்பக்கம் இருட்டு. ஒரே இடம், ஒரே செற்றிங், எல்லாம் ரெண்டு செக்கனுக்குள்ள எடுத்தது. "மாமா, கமரா பழுதோ?" எண்டு கேட்டான். கமராவில ஒரு பிழையும் இல்லை, இதுதான் பிளிக்கர்.

வீட்டில நாங்கள் பிளிக்கர் எண்டு சொல்லுறது ஸ்ராட்டர் போன ரியூப் லைற் நூந்து நூந்து பத்துறதை. படம் எடுக்கிறவை சொல்லுறது அதில்லை, இது கண்ணுக்கே தெரியாது. எங்கட கரண்ட் ஆடலோட்டம் (ஏசி), மீடிறன் (இந்தியாப் பக்கம் அதிர்வெண் எண்டுவினம்) செக்கனுக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலயும் ரெண்டுதரம் ஓட்டம் பூச்சியத்துக்கு வந்து போகும், அப்ப லைற் செக்கனுக்கு 100 தரம் மங்கி மங்கி எழும்பும். பழைய குண்டு பல்ப்பில கம்பி சூடா இருக்கிறதால பெரிசா மங்காது, சோக் வைச்ச ரியூப் லைற்றிலயும் உள்ளுக்க ஒழுங்கான கொள்ளளவி (கப்பாசிற்றர்) இல்லாத மலிவு எல்ஈடியிலயும்தான் இந்த ஆட்டம் கூட.

ஒரு எழும்பி விழுதலுக்கு 10 மில்லிசெக்கன். 1/100 இல எடுத்தா ஒரு முழு எழும்பி விழுதல் படத்துக்குள்ள வந்திடும், அதால எல்லாப் படமும் ஒரேமாதிரி. 1/1000 எண்டா 1 மில்லிசெக்கன்தான், அது உச்சியிலயும் விழலாம் பள்ளத்திலயும் விழலாம். ரியூப் லைற் உள்ப்பூச்சில நீலம் கெதியா நூந்துபோகும், மற்ற நிறங்கள் கொஞ்சம் இழுபடும், அதால பள்ளத்தில பிடிச்ச படம் மஞ்சளடிக்கும். சேர்ட்டில இருந்த தேத்தண்ணி அதுதான். தலை வெளிச்சம் கால் இருட்டு வந்தது வேற காரணம்: இந்த வேகத்தில சட்டர் முழுசாத் திறக்கிறேல்லை, ரெண்டு திரைக்கு நடுவில ஒரு சின்ன நீக்கல்தான் ஓடும், அது ஒரு கரையில இருந்து மற்றக் கரைக்குப் போறதுக்குள்ள லைற் மாறிப்போடும். போன் கமரா படத்தை வரி வரியா வாசிக்கிறதால பட்டி பட்டியாயே விழும்.

சொல்லுக்கு வருவம். பிளிக்கர் பழைய ஆங்கிலத்தில லைற்றுக்கு வந்த சொல்லே இல்லை, குருவி செட்டை படபடக்கிறதுக்குச் சொன்னது. சுடரும் வெளிச்சமும் ஆடுறதுக்கு அதைச் சொல்லத் தொடங்கினது 1600 அளவிலதான். (2004 இல வந்த படம் ஏத்துற சைற்றின்ர பேரும் இதுதான், ஒரு எழுத்தை விழுங்கிப்போட்டு: Flickr.)

தமிழில மினுமினுப்பு எண்டு சிலர் எழுதீனம், எனக்கு அது சரிவரேல்லை, அது கூறைச் சேலைச் சரிகைக்குப் பொருந்தும். நடுக்கம் எண்டா குத்துவிளக்குச் சுடர், அது காத்துக்கு ஒழுங்கில்லாமல் ஆடுறது. சிமிட்டல் பரவாயில்லை, ஆனா அதில ஒரு குறும்பு கிடக்கு, ஆரோ ஆருக்கோ கண் காட்டினமாதிரி.

என்னைக் கேட்டா இமைப்பு. இமைக்கிறது எண்டா இப்ப நாங்கள் கண்ணை மட்டும்தான் நினைக்கிறம், ஆனா பழந்தமிழில ஒளி விட்டு விளங்குறதுக்கும் அதே சொல்தான், திருமுருகாற்றுப்படையின்ர மூண்டாம் அடியிலயே 'ஓஅற இமைக்கும்' எண்டு வருது, ஓய்வில்லாமல் இமைக்கிற ஒளி. ரியூப் லைற்றுக்கு இதைவிடப் பொருத்தமா ஆர் சொல்லுறது! தொல்காப்பியத்தில மாத்திரைக்கு அளவும் கண்ணிமைதான், நேரமும் அந்தச் சொல்லுக்குள்ள இருக்கு. எங்கட கண் ஒருக்கா இமைக்க முதல் லைற் பத்துத்தரத்துக்கு மேல இமைச்சுப்போடும், அதுதான் எங்களுக்குத் தெரியாமல் கிடக்கு. ஆகவே பிளிக்கர் ஒளியிமைப்பு, கமராவில இதைச் சமாளிக்கிற ஆன்ரி பிளிக்கர் இமைப்புத் தடுப்பு.

2014 இல வந்த கனன் 7டி மார்க் 2 கமராவில அந்தத் தடுப்பு இருந்துது, லைற் உச்சிக்கு வரும்வரை ஒரு துளி பொறுத்து சட்டரைத் திறக்கும். என்ர பழங்கமராவில அது இல்லை. அடுத்த மட்சுக்கு 1/100 இல வைச்சு அடிச்சன். பெடியன்ர நிறம் எல்லாப் படத்திலயும் ஒண்டுபோல, றக்கெற்றைத்தான் ஒண்டிலயும் காணேல்லை.