குருதிக்குழல் நார்க்கட்டியை ‘மூக்குச் சதை’ என்னலாமா?

பதினைந்து வயதுப் பையன் ஒருவனுக்கான அறுவை ஒப்புதல் படிவத்தின் தமிழ் வடிவத்தைச் சரிபார்க்கும்படி நண்பர் ஒருவர் தந்தார். ‘மூக்கில் வளர்ந்துள்ள தீங்கற்ற சதையை அகற்றுதல்’ என்று அதில் இருந்தது. நோயின் பெயரோ ஆஞ்சியோஃபைப்ரோமா, அதாவது குருதிக்குழல் நார்க்கட்டி. இந்த ‘மூக்குச் சதை’யை நலவாழ்வுக் கட்டுரைகளிலும் காணொளிகளிலும் பலமுறை கண்டு பொறுத்திருக்கிறேன், ஒப்புதல் படிவத்தில் கண்டபின் பொறுக்க இயலவில்லை.

கிரேக்கத்தில் ‘ஆங்கெயோன்’ என்பது கலம் அல்லது குழல். இலத்தீனில் ‘ஃபைப்ரா’ என்பது நார். ‘ஓமா’ என்னும் ஈறு கட்டியைக் குறிக்கும். 1906இல் ஷோவோ என்னும் மருத்துவர் இதற்கு இட்ட பெயரில் நார் மட்டுமே இருந்தது. குருதிக்குழலைக் குறிக்கும் முன்னொட்டை 1940இல் ஃபிரீட்பெர்க் என்னும் மருத்துவர் சேர்த்தார். மேலைநாட்டார் பிற்பாடு உணர்ந்து சேர்த்த அந்தப் பகுதியைத்தான் நம் மொழிபெயர்ப்பாளர்கள் முதலில் வெட்டி எறிகிறார்கள்.

மூக்குச் சதை என்று மக்கள் சொல்வது, ஒவ்வாமையாலும் நீடித்த அழற்சியாலும் மூக்கின் உட்சவ்வு வீங்கித் தொங்குவதை. அது வெளிறியிருக்கும், பெரும்பாலும் இரு பக்கமும் தோன்றும், ஆண் பெண் இருவருக்கும் வரும். இந்தக் கட்டியோ மூக்கின் பின்கோடியில் தோன்றி, ஏறத்தாழ விடலைப் பருவத்து ஆண்பிள்ளைகளையே பற்றுவது. ஒரு பக்க மூக்கடைப்பும் அடிக்கடி வடியும் குருதியுமே இதன் அடையாளங்கள். இதிலுள்ள குழல்களின் சுவரில் தசையடுக்குச் சரிவர அமைவதில்லை. ஆகையால் வெட்டுப்பட்டால் அவை சுருங்கிக் குருதியை நிறுத்தமாட்டா. வெளிநோயாளர் அறையில் துணுக்கெடுத்துச் சோதிக்கக்கூடாது என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதும், அறுவைக்கு ஓரிரு நாள் முன்பே தொடைத் தமனி வழியாக நுண்குழாயைச் செலுத்திக் கட்டிக்குக் குருதி ஊட்டும் தமனியை அடைப்பதும் இதனால்தான். சதை என்று மட்டும் கேட்ட தாய்க்கு, மூக்கிலுள்ளதை எடுக்கத் தொடையில் ஏன் குழாய் விடுகிறார்கள் என்பதும், குருதி ஏற்ற ஏன் ஆயத்தம் செய்யச் சொல்கிறார்கள் என்பதும் எப்படிப் புரியும்?

‘ஓமா’ என்று முடிவதையெல்லாம் ‘புற்று’ ஆக்குவோர் மறுபக்கம் பிழை செய்து வீட்டாரை வீணே அச்சுறுத்துகிறார்கள். இது புற்று அன்று. அதற்காகத் ‘தீங்கற்றது’ என்றும் சொல்லிவிட முடியாது. கண்குழிக்குள்ளும் மண்டையோட்டின் அடிப்பகுதியிலும் புகுந்து நெருக்கக்கூடியது, எடுத்தபின்னும் சிலருக்கு மீண்டும் வளர்வது. ‘புற்றல்லாத’ என்பதே நேர்மையான அடைமொழி.

‘நார்க்கட்டி’ புதிய சொல்லும் அன்று. கருப்பை நார்க்கட்டியை அறிந்த பெண்கள் எத்தனையோ பேர். ‘இளையோர்’ என்னும் பொதுச்சொல்லைவிட, ஆண்மகனையே சுட்டும் ‘விடலை’ இங்கே பொருந்தும். முழுப்பெயர் ‘விடலைப் பருவ மூக்குத்தொண்டைக் குருதிக்குழல் நார்க்கட்டி’. நீளமென்று சுருக்குவோர் முன்னிரண்டு சொற்களை விடலாம், குருதிக்குழலை விடக்கூடாது.

படிவத்தின் அந்த வரியை இவ்வாறு மாற்றிக் கொடுத்தேன்: ‘மூக்கின் பின்புறத்தில் வளர்ந்துள்ள, மிகுதியாகக் குருதி கசியக்கூடிய, புற்றல்லாத குருதிக்குழல் நார்க்கட்டியை அகற்றுதல்.’