சைக்கிள் செயின் கழண்டு வந்த பிள்ளையிடம் முதலில் என்ன கேட்பீர்கள்?

அண்ணா பிறந்தநாள் சைக்கிள் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது எனக்கு இருபது வருஷத்துக்கும் மேலான பழக்கம். நான் உடற்கல்வி ஆசிரியை, பிள்ளைகளுக்கு பி.டி. மிஸ். செப்டம்பர் 15-ஐ ஒட்டி விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்துகிற போட்டி இது. 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகள்; பெண்பிள்ளைகளுக்கு 10 அல்லது 15 கிலோமீட்டர், பையன்களுக்கு 15 அல்லது 20. கியர் வண்டி கூடாது, இந்தியாவில் செய்த சாதாரண சைக்கிள்தான் ஓட்ட வேண்டும். தினமும் ஸ்கூலுக்கு மிதித்து வருகிற அதே சைக்கிளில், ஏன், அரசாங்கம் கொடுத்த விலையில்லா மிதிவண்டியிலேயே வந்து ஒரு பிள்ளை மாவட்டத்தில் முதலாவதாக வரலாம் என்பதுதான் இந்தப் போட்டியில் எனக்குப் பிடித்த விஷயம். தினமும் புத்தகப் பையும் தம்பியும் தண்ணீர்க் குடமும் சுமக்கிற வண்டி என்பதால் வழியில் நின்றுபோவதும் அதிகம். செயின் கழலும், காற்று இறங்கும், பெடல் ஆடும், சக்கரம் கோட்டம் விழுந்து பிரேக் கட்டையில் உரசும்.

தோற்று வருகிற பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று நமக்கு ஓரளவு தெரியும். வண்டி நின்றுபோய் வருகிற பிள்ளையிடம் பேசத் தெரிவதில்லை. அந்தப் பிள்ளைக்கு மூச்சு இருக்கிறது, காலில் பலம் இருக்கிறது, முன்னால் போகிறவர்களின் முதுகு கண்ணுக்குத் தெரிகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. தன்னால் முடியவில்லை என்றால் மனசு எப்படியோ ஒத்துக்கொள்ளும், முடிந்தும் நடக்கவில்லை என்பதைப் பன்னிரண்டு வயதில் எங்கே கொண்டு போய் வைப்பது? அதனால் அந்த நேரத்தில் பிள்ளை நம் முகத்தைத்தான் பார்க்கும். அந்த முதல் ஐந்து நிமிஷத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் அதில் நாங்கள் ஒரு பிள்ளையைக் கோட்டைவிட்டிருக்கிறோம்.

எட்டாம் வகுப்புப் பெண். நன்றாக மிதிப்பாள், ஏற்றத்தில்கூட சீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டாள். அந்த வருஷம் 15 கிலோமீட்டரில் பாதிக்கு மேல் முதல் நான்கு பேருக்குள் இருந்தவள், ஒரு வேகத்தடையில் செயின் கழண்டு நின்றுவிட்டாள். முழுக் கவர் போட்ட லேடீஸ் சைக்கிள், கவரைக் கழற்றாமல் உள்ளே கை போகாது. அவள் குத்துகால் போட்டு உட்கார்ந்து அந்தத் தகரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது, அடுத்த திருப்பத்தில் நின்றிருந்த அவள் அப்பா ஓடி வந்தார். வந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "அப்பவே சொன்னேன்ல, கடையில காட்டிட்டு வான்னு." அவள் கையை எடுத்துவிட்டாள். பின்னாலேயே நான் போய்ச் சேர்ந்தேன். அவர் என் பக்கம் திரும்பி, குரல் உடைந்து, "ஒரு நல்ல சைக்கிள் வாங்கிக் குடுக்க வக்கில்லாம போயிட்டேன் மிஸ்" என்றார்.

முதலில் சொன்னது திட்டு. திட்டைப் பிள்ளைகள் இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள். இரண்டாவதாகச் சொன்னது அப்படி இல்லை. அடுத்த வருஷம் பெயர் கொடுக்கச் சொல்லி நானே அவளைத் தேடிப் போனபோது அவள் மெதுவாகச் சொன்னாள், "வேணாம் மிஸ், அப்பா கடன் வாங்கிருவாரு." அதற்கப்புறம் அவள் எந்தப் போட்டிக்கும் வரவில்லை. அந்த மனிதர் மேல் எனக்குக் கோபமே இல்லை, மகள் மேல் அத்தனை பிரியம் இருந்ததால்தான் அப்படி உடைந்தார். ஆனால் கழண்டது ஒரு செயின். பெரியவர்கள் நாங்கள் அதை ஒரு குடும்பத்தின் வறுமைக் கதையாக்கி அந்தப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டோம். பக்கத்தில் நின்ற நானும், "அதெல்லாம் இல்லண்ணே, இது யாருக்கும் நடக்கும்" என்று அவருக்குத்தான் ஆறுதல் சொன்னேன். அவள் பக்கம் திரும்பவே இல்லை. இன்றைக்கும் உறுத்துகிறது.

பெற்றோர்களே, உங்களுக்கு வருகிற ஆத்திரம் நியாயமானதுதான். கடைக்காரர் நட்டைச் சரியாக முடுக்காமல் விட்டிருக்கலாம், ரோடு மோசமாக இருந்திருக்கலாம், மாற்று வண்டி கொடுக்க அங்கே ஆள் இல்லாமல் போயிருக்கலாம். அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். நடத்துபவர்களோடு நீங்கள் கத்திச் சண்டை போடுகிறபோது, தன்னால்தான் அப்பா எல்லார் முன்னாலும் இப்படி நிற்கிறார் என்று பிள்ளை குறுகிப்போகிறது. உங்கள் சொந்த வருத்தமென்றால் அதை ராத்திரி வீட்டுக்காரரிடமோ வீட்டுக்காரியிடமோ சொல்லி அழுங்கள், தப்பே இல்லை. பிள்ளையின் காதில் மட்டும் விழ வேண்டாம்.

அப்படியென்றால் என்ன கேட்பது? "கையைக் காட்டு." நான் இப்போது எல்லாப் பெற்றோரிடமும் சொல்லி வைப்பது இதைத்தான். பதற்றத்தில் செயினைப் பிடித்து இழுக்கிற பிள்ளைக்கு விரல் நுனி நசுங்கியிருக்கும், நகக்கண் கிழிந்திருக்கும், முழங்கால் சிராய்த்திருக்கும், அந்தச் சூட்டில் அதற்கே தெரியாது. கையைப் பார்த்தால் காயமும் தெரியும், அதோடு நாம் வண்டியைவிட முதலில் தன்னைப் பார்த்தோம் என்பதும் பிள்ளைக்குப் புரியும். அப்புறம் தண்ணீர். அப்புறம் சும்மா பக்கத்தில் நில்லுங்கள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் எந்த அறிவுரையும் ஏறாது, ஒரு பத்து நிமிஷம் போகட்டும். அழுதால் அழட்டும், பையனாக இருந்தாலும் அழட்டும். "பரவாயில்ல, விடு" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். இரண்டு மாதமாக விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து மிதித்த பிள்ளைக்கு அது பரவாயில்லாத விஷயம் இல்லை. பிள்ளையே வாயைத் திறக்கும்போது "எப்படி ஆச்சு, சொல்லு" என்று கேட்டுவிட்டு முழுசாகக் கேளுங்கள், நடுவில் திருத்தாமல்.

ராத்திரிக்குள்ளோ மறுநாளோ பிள்ளை ஒரு கேள்வி கேட்கும்: "இது என் தப்பா?" இதற்குப் பொய்யாக ஆறுதல் சொல்லாதீர்கள், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். உலக சைக்கிள் சம்மேளனத்தின் ட்ராக் பந்தய விதிகளில் ஒரு நல்ல பிரிவினை உண்டு. பஞ்சர், கீழே விழுவது, வண்டியின் முக்கியமான பாகம் ஒடிவது, இவை ஏற்றுக்கொள்ளப்பட்ட இடையூறுகள், வீரருக்குச் சலுகை உண்டு. நட்டு சரியாக முடுக்காமல் சக்கரம் நகர்ந்தால் அந்தச் சலுகை கிடையாது. எங்கள் போட்டியில் இந்த விதியெல்லாம் இல்லை, ஆனால் பிள்ளைகளோடு பேச எனக்கு இது கைகொடுக்கிறது. ஆணி குத்தியதா, அது யார் கையிலும் இல்லை. பின்சக்கர நட்டு தளர்ந்து செயின் தொங்கியதா, அதை முந்தின நாள் நாம் பார்த்திருக்கலாம், இனிமேல் பார்ப்போம். 'பார்த்திருக்கலாம்' என்பதைத் திட்டாகச் சொல்லாமல், இருவரும் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் அது பாடமாக இறங்குகிறது.

இங்கேதான் நான் ரொம்ப வற்புறுத்துகிற விஷயம் ஒன்று இருக்கிறது. போட்டிக்கு முன்னால் வண்டியைக் கடையில் விட்டு ஓவராயில் பண்ணி, துடைத்துப் பளபளவென்று பிள்ளை கையில் கொடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். கடைக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். மெக்கானிக் அண்ணன் பின்சக்கரத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துச் செயினை டைட் வைப்பதைப் பிள்ளை குனிந்து பார்க்கட்டும். செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் போல ஆட வேண்டும், அதற்கு மேல் தொங்கினால் கழலும், கம்பி மாதிரி விறைத்திருந்தாலும் கெடுதல் என்பதைத் தன் விரலால் தொட்டுத் தெரிந்துகொள்ளட்டும். காற்று இறங்கினால் எல்லாமே பஞ்சர் இல்லை, காற்றடிக்கிற வால்வில் இருக்கிற வால்வ் டியூப் என்கிற சின்ன ரப்பர் நைந்துபோயிருக்கலாம், எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தால் குமிழி வரும். சில ரூபாய்ச் சமாச்சாரம், ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். பெடல் மிதிக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் வந்தால் பெடல் தண்டை இறுக்கிப் பிடிக்கிற காட்டர் பின் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லேடீஸ் சைக்கிளில் முழுக் கவர் இருந்தால் செயினின் தளர்வு வெளியே தெரியாது, முந்தின வாரமே கவரைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும்.

பயிற்சியில் நான் வேண்டுமென்றே செயினைக் கழற்றிவிடுவேன். வண்டியைச் சாய்க்காமல் நிறுத்தி, பின்சக்கரத்தில் இருக்கிற சின்னப் பல்சக்கரமான ஃப்ரீவீலின் பல்லில் செயினை முதலில் உட்காரவைத்து, முன்னால் பெரிய பல்சக்கரத்தின் அடிப்பக்கம் நாலு பல்லில் மாட்டி, கையை எடுத்த பிறகு பெடலைப் பின்பக்கமாகச் சுற்ற வேண்டும். செயினுக்கும் பல்லுக்கும் நடுவில் விரல் போகக் கூடாது, இதை மட்டும் நூறு தடவை சொல்வேன். முதல் நாள் நாலு நிமிஷம் ஆகும், பாதிப் பேர் என்னைக் கூப்பிடுவார்கள். இரண்டு வாரத்தில் அரை நிமிஷத்துக்குள் போட்டுவிட்டு மேலே ஏறிவிடுவார்கள். போட்டியில் அந்த அரை நிமிஷம் இடத்தைக் கெடுக்கத்தான் செய்யும். ஆனால் வண்டி நின்றதும் கை நடுங்காமல் அடுத்து என்ன செய்வது என்று தெரிந்த பிள்ளை, யார் முகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்காது.

பிள்ளைகளுக்கு நான் சொல்கிற கதை 1913-ஆம் வருஷத்து டூர் டி பிரான்ஸ், பிரான்சில் பல நாள் நடக்கிற பெரிய சைக்கிள் பந்தயம். யூஜீன் கிறிஸ்டோஃப் என்கிற வீரருக்கு தூர்மலே மலை இறக்கத்தில் முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் ஒடிந்துவிட்டது. வேறு யாரும் உதவக் கூடாது என்பது அன்றைய விதி. வண்டியைத் தூக்கிக்கொண்டு பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்து, அடிவாரத்து ஊரில் ஒரு கொல்லர் பட்டறையைக் கண்டுபிடித்து, தானே இரும்பைக் காய்ச்சி அடித்து ஒட்டவைத்தார். துருத்தியை ஒரு சின்னப் பையன் ஊதிக் கொடுத்தான் என்று அதற்கும் தண்டனை போட்டார்கள். அந்தப் பந்தயத்தைக் கடைசிவரை ஓட்டி ஏழாவதாக முடித்தார். பிள்ளைகள் துருத்தி ஊதிய பையனைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். அதே பந்தயத்தில் 2010-இல் ஆண்டி ஷ்லெக் என்கிற வீரருக்கு மலையேற்றத்தில் செயின் கழண்டு 39 விநாடி போனதையும், பாரிசில் முடியும்போது முதலில் வந்தவரைவிட அவர் பின்தங்கியிருந்ததும் சரியாக 39 விநாடிதான் என்பதையும் சொல்வேன். அத்தனை விலை உயர்ந்த வண்டியிலும் செயின் கழலும் என்று கேட்கும்போது, தன் பழைய சைக்கிளைப் பார்க்கிற பார்வை கொஞ்சம் மாறுவதை நான் கவனித்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலையை மறந்துவிடாதீர்கள். பிரேயரில் ஜெயித்தவர்களுக்குக் கைதட்டுவார்கள், வகுப்பில் பத்துப் பேர் "என்னாச்சுடா?" என்று கேட்பார்கள். வீட்டிலேயே ஒரு வரி தயார் செய்து கொடுத்து அனுப்புங்கள்: "செயின் கழண்டுச்சு, போட்டுட்டு முடிச்சேன்." அவ்வளவுதான், அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை, முடித்தவர்களின் பெயரையும் வாசியுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்தும் பிள்ளை சரியாகத் தூங்காமல் இருந்தால், பயிற்சி நாளில் மட்டும் வயிறு வலிக்கிறது என்றால், டயரை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டும் கிளம்ப முடியாமல் நின்றால், அடம் என்று விட்டுவிடாமல் ஒரு மனநல ஆலோசகரிடம் பேசுங்கள். 14416 என்கிற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் காசில்லாமல் தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்புப் பையன், பக்கத்து வீட்டு அண்ணனின் சைக்கிளைக் கேட்டு வாங்கி வந்திருந்தான். முடிவுக்கோட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது பின்சக்கரத்தில் காற்று அடியோடு இறங்கிவிட்டது. வண்டி கையோடு இருந்தால் நடந்தே கோட்டைக் கடக்கலாம், உலகப் பந்தயங்களிலும் அப்படித்தான் விதி என்று வகுப்பில் சொன்னது ஞாபகம் இருந்திருக்கிறது, தள்ளிக்கொண்டே வந்தான். ரோட்டோரத்தில் அவன் அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கூடவே நடந்து வந்தார். கைதட்டவும் இல்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அவன் கோட்டைத் தாண்டியதும் சைக்கிளை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, மைதானத்துக் குழாயடிக்குக் கூட்டிப் போனார். கை இரண்டும் கரி. மடியில் முடிந்து வைத்திருந்த பொட்டலத்திலிருந்து சோப்புத்தூளைக் கொட்டி, விரல் விரலாகத் தேய்த்துக்கொண்டே, "எங்க இறங்குச்சுப்பா, பாலத்துக்கு முன்னாலயா?" என்று கேட்டார். அவன் "இல்லம்மா, பாலம் தாண்டி, அந்த ஜல்லி கொட்டியிருந்துச்சுல்ல..." என்று ஆரம்பித்தான். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, அவன் சொல்லிக்கொண்டே இருந்தான், பரிசளிப்பு மைக்கில் யார் யார் பெயரோ வந்துகொண்டிருந்தது, இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.