தியா: ரத்தப் பணமா, உயிரீடா?

கூடலூர், பந்தலூர் பக்கம் தமிழும் மலையாளமும் ஒரே டீக்கடையில் புழங்கும். நாடுகாணியைத் தாண்டி மலை இறங்கினால் நிலம்பூர். வளைகுடாவில் பிள்ளைகள் வேலை பார்க்கும் வீடுகளும் இங்கே உண்டு. 2024-இல் ரியாத் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த கோழிக்கோட்டுக்காரர் ஒருவரைக் காப்பாற்ற, இறந்தவரின் குடும்பத்துக்குக் கொடுப்பதற்காகக் கேரள மக்கள் 34 கோடி ரூபாய் திரட்டினார்களே, அந்தத் தொகையைத் தமிழில் 'ரத்தப் பணம்' என்கிறோம். மலையாளத்தில் 'தியாதனம்' என்றும் 'தயாதனம்' என்றும் எழுதுகிறார்கள்.

அரபுச் சொல் 'தியா'. கொல்லப்பட்டவருக்கு ஈடு கொடுப்பதைக் குறிக்கும் 'வதா' என்ற வினையிலிருந்து வந்தது. முதலில் இருந்த 'வாவ்' என்ற எழுத்து விழுந்து, கடைசியில் ஓர் எழுத்து சேர்ந்துகொண்டது. வேரில் ரத்தமும் இல்லை, தயையும் இல்லை. 'ரத்தப் பணம்' ஆங்கிலத்திலிருந்து அப்படியே பெயர்த்தது. கூலிக்குக் கொலை செய்தவன் வாங்கும் காசு போல அது ஒலிப்பது எனக்கு வருத்தம்தான்.

ஏனென்றால், குர்ஆன் (4:92) தியாவைச் சொல்வது தவறுதலாக நேர்ந்த மரணத்துக்கு. வண்டி ஓட்டும்போது ஒருவர் அடிபட்டு இறந்தால்கூட வளைகுடாவில் இதுதான் பேச்சு. பழைய கணக்கு 100 ஒட்டகம். குடும்பத்தார் அதைத் தர்மமாக விட்டுக்கொடுக்கலாம் என்றும் அதே வசனம் சொல்கிறது.

வேண்டுமென்றே செய்த கொலைக்குக் 'கிஸாஸ்'. இதைப் 'பழிக்குப் பழி' என்று பெயர்ப்பது வழக்கம். ஆனால் அதன் வேருக்கு அடிச்சுவடு பார்த்துப் பின்தொடர்தல் என்று பொருள். செய்த அளவைத் தாண்டாத தண்டனை. 'நிகர்த்தண்டனை' என்றால் பொருந்தும். மன்னிப்பைக் குறிக்கும் 'அஃப்வு' என்ற சொல்லுக்கோ அழித்தல் என்று பொருள். காற்று மணலில் தடத்தை அழிப்பதையும் அரபியில் இப்படித்தான் சொல்வார்கள். கிஸாஸை விதிக்கும் வசனமே (2:178) மன்னிப்பையும் பேசுகிறது. அங்கே, மன்னிக்க உரிமையுள்ள உறவினரைக் கொலையாளியின் 'சகோதரர்' என்று சொல்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனை அந்த இடத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். அவர் மன்னித்தால் மரண தண்டனை விலகும். தியாவை வாங்கிக்கொண்டும் மன்னிக்கலாம், ஒன்றும் வாங்காமலும் மன்னிக்கலாம்.

'இழப்பீடு' என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறதே என்றால், இருக்கிறது. ஆனால் இங்கே யானை தாக்கி இறந்தவர் குடும்பத்துக்கு வனத்துறை கொடுப்பதும் இழப்பீடுதான். அதில் மன்னிக்கிற உரிமை என்ற பேச்சே கிடையாது. அதனால் 'உயிரீடு' என்று தனியாகச் சொல்லலாம் என்பது என் விருப்பம். ஈடு நமக்குப் பழகிய சொல், புரிந்துகொள்ள அகராதி வேண்டாம்.

சரி, குடும்பம் மன்னித்தும் சிலர் ஏன் சிறையிலேயே இருக்கிறார்கள்? சவூதி நீதிமன்றங்களில் குடும்பத்தின் 'தனி உரிமை' ஒன்று, சமூகத்தின் 'பொது உரிமை' இன்னொன்று. உயிரீடு தீர்ப்பது முதலாவதை மட்டும்தான். இரண்டாவதற்காக நீதிபதி சிறைத்தண்டனை விதிக்கலாம். அதற்கு 'தஃஸீர்' என்று பெயர்.