பழைய ஃபோட்டோஷாப்பை நீக்க என்ன அவசரம்?

2018 கார்த்திகை மாதம். முகூர்த்த நாட்கள் வரிசையாக வந்து கல்யாண ஆல்பம் வேலை குவிந்து கிடந்தது. ஃபோட்டோஷாப்புக்குப் புதுப் பதிப்பு வந்திருப்பதாகத் திரையில் அறிவிப்பு. டீ குடிக்கக் கிளம்பும்போது அப்டேட் பட்டனைத் தட்டிவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் புதியது இருக்கிறது, பழையது இல்லை. முகங்களை மென்மையாக்க நான் நம்பியிருந்த பிளக்-இன்னும் (ஃபோட்டோஷாப்போடு சேர்த்துப் போடும் துணை நிரல்) அதோடு போய்விட்டது.

தப்பு முழுக்க என்னுடையதுதான். அப்டேட் செய்யும்போது வரும் பெட்டியில் ‘பழைய பதிப்புகளை நீக்கு’ என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும். அதில் முன்கூட்டியே டிக் போட்டிருக்கும். ‘மேம்பட்ட விருப்பங்கள்’ என்பதை விரித்தால்தான் கண்ணில் படும். யார் விரித்துப் பார்க்கிறார்கள்?

பிளக்-இன் போனது சின்ன விஷயம். அன்றைக்கு மானம் போகவிருந்தது ஷிஃப்ட் பட்டனால். அதுவரை ஒரு படத்தைப் பெரிதாக்கும்போது ஷிஃப்டை அழுத்திக்கொண்டு இழுத்தால்தான் அகலமும் உயரமும் ஒரே விகிதத்தில் இருக்கும். 2018 அக்டோபரில் வந்த பதிப்பில் இது தலைகீழானது. சும்மா இழுத்தாலே விகிதம் நிற்கும், ஷிஃப்டை அழுத்தினால் கலைந்துவிடும். பல வருஷப் பழக்கத்தில் என் சுண்டுவிரல் ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. பன்னிரண்டுக்கு முப்பத்தாறு இன்ச் ஷீட்டில் ஏழெட்டுப் படங்கள். மாப்பிள்ளை ஒரு பக்கத்தில் ஒல்லி, அடுத்த பக்கத்தில் குண்டு. அச்சடிக்கும் லேபுக்கு அனுப்பும் முன் என் உதவியாளர் பார்த்துச் சிரித்ததால் தப்பித்தேன். இதைப் பழையபடி மாற்றிக்கொள்ள வழி உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. டெலிவரிக்கு முந்தின ராத்திரி அதைத் தேட யாருக்கு நேரம்?

அன்று பழைய பதிப்பை மறுபடி இறக்கிப் போட்டு வேலையை முடித்தேன். இன்றைக்கு அது அவ்வளவு சுலபமில்லை. 2019 மே மாதத்திலிருந்து, ஃபோட்டோஷாப்பைத் தயாரிக்கும் அடோபி நிறுவனம் தன் சந்தாதாரர்களுக்கு, நடப்பில் உள்ள பெரிய பதிப்பையும் அதற்கு முந்தையதையும் மட்டும்தான் இறக்கத் தருகிறது. நான்கு வருஷத்துக்கு முந்தைய பதிப்பை நீக்கிவிட்டால் நீக்கியதுதான்.

ஆல்பம் தொழிலில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், எங்கள் கோப்புகளுக்கு ஆயுள் அதிகம். கல்யாணம் முடிந்து எட்டு மாதம் கழித்து, “பொண்ணோட பெரியப்பா படம் விட்டுப்போச்சு, ஒரு ஷீட் மட்டும் மாத்திக் குடுங்க தம்பி” என்று போன் வரும். அந்தக் கோப்பைப் புதுப் பதிப்பில் திறந்தால், ‘எழுத்து லேயர்களைப் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம், புதுப்பிக்கட்டுமா?’ என்று சில சமயம் ஒரு கேள்வி வரும். சரி என்று அழுத்தினால் வரிகள் இடம் மாறி உட்காரலாம். அச்சடித்துக் கொடுத்த ஆல்பத்தில் ஒரு ஷீட்டில் மட்டும் எழுத்து வேறு மாதிரி இருந்தால் அந்தப் பெரியப்பாவே முதலில் கண்டுபிடிப்பார்.

தமிழ் எழுத்துக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. பழைய ஃபோட்டோஷாப்புகளில் யூனிகோட் தமிழை (இன்று போனிலும் இணையத்திலும் நாம் அடிக்கும் பொது முறை) அடித்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறும். அதனால்தான் யூனிகோட் அல்லாத பாமினி மாதிரி பழைய ஃபாண்டுகளை வைத்தே பத்திரிகை, பேனர் எல்லாம் ஓட்டினோம். பிந்தைய பதிப்புகளில் யூனிகோட் தமிழ் ஒழுங்காக வருகிறது. ஆகவே புதியதற்குப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்தக் கோப்பு எந்தப் பதிப்பில் பிறந்ததோ, அது அதிலேயே முடியட்டும். புது வேலையைப் புதியதில் தொடங்கலாம்.

சில வசதிகள் ஒரேயடியாகவும் போய்விடும். முப்பரிமாண வேலைக்கான கருவிகளை அடோபி 2021-லிருந்து கைவிடத் தொடங்கியது. அவை வேண்டுமென்றால் 22.2 பதிப்பில் இருங்கள் என்று அவர்களே சொன்னார்கள். அதே வருஷம் டைப் 1 என்ற பழைய வகை ஃபாண்டுகளுக்கு ஃபோட்டோஷாப்பில் ஆதரவு நின்றது. 2022-ல், அச்சுக்கான நிறங்களை எண்ணிட்டு வரையறுக்கும் பான்டோன் நிறுவனத்தோடு வந்த உரிமச் சிக்கலில், அந்த நிறங்கள் இருந்த பழைய கோப்புகளைத் திறந்தவர்கள் நிறத்துக்குப் பதில் கறுப்பைப் பார்த்தார்கள். பழைய பதிப்பை வைத்திருந்த சிலர், அதன் ஃபோல்டரிலிருந்த நிறப் புத்தகக் கோப்புகளை எடுத்துப் புதியதில் போட்டுச் சமாளித்தார்கள்.

ஃபோட்டோஷாப் மட்டும் என்றில்லை. இலவச மென்பொருளான கிம்ப் 2025 மார்ச்சில் 3.0-க்கு மாறியபோது, 2.10-க்கு எழுதிய பைதான் பிளக்-இன்களை அப்படியே ஓட்ட முடியவில்லை.

சரி, என்ன செய்யலாம்? சீசன் நேரத்தில் தானியங்கி அப்டேட்டை அணைத்து வையுங்கள். பெரிய பதிப்பு மாறும்போது ‘பழைய பதிப்புகளை நீக்கு’ என்ற அந்த டிக்கை எடுத்துவிட்டால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாது. சின்ன அப்டேட் அப்படி இல்லை. அது இருப்பதன் மேலேயே உட்கார்ந்துவிடும். ஆக்‌ஷன், பிரஷ் என்று நீங்கள் உருவாக்கிச் சேர்த்தவை எல்லாவற்றையும் தனிக் கோப்பாகச் சேமித்து வேறு டிஸ்க்கில் வையுங்கள். பிளக்-இன்னின் இன்ஸ்டாலரையும், அதை வாங்கிய மின்னஞ்சலையும் கூட. என்னிடம் அன்று இல்லாதவை அவை இரண்டும்தான்.

ஒரு எச்சரிக்கை: பழைய பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பிய இலவச பிஎஸ்டி (ஃபோட்டோஷாப் கோப்பு) டிசைனை அதில் திறக்காதீர்கள். உங்கள் சொந்தக் கோப்புகளுக்கு மட்டும் அது. கிராக் போட்ட ஃபோட்டோஷாப் 7-ஐ வைத்துக்கொண்டு ‘நானும் பழையதைத்தான் வைத்திருக்கிறேன்’ என்பவர்களுக்காக நான் இதை எழுதவில்லை. அதோடு, மென்பொருளையும் ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள். 2019-ல் வந்த கேட்டலினா என்ற மேக் சிஸ்டம், 32-பிட் என்ற பழைய வகை நிரல்களை ஓட்டாது. சிஸ்டத்தை ஏற்றிய பிறகுதான் பலருக்குத் தங்கள் பழைய மென்பொருள் எதுவென்றே தெரிந்தது.

எவ்வளவு நாள் வைத்திருப்பது என்று கேட்கிறார்கள். டிஸ்க்கில் சில ஜிபி இடம்தான் பிடிக்கிறது. நான் பார்ப்பது, அந்தப் பதிப்பில் செய்த கடைசி ஆல்பத்துக்குப் பாக்கிப் பணம் வந்துவிட்டதா என்பதை. வந்த பிறகும் ஒரு வருஷம் விட்டுவைப்பேன். பெரியப்பாக்கள் அதற்குள் போன் செய்துவிடுவார்கள்.