தெரு மணந்தது, கேக் மணக்கவில்லை

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பாரிமுனையில் வாங்கிவந்த ஆரஞ்சு ஃபிளேவர் ஆயிலை, வெண்ணெய் சேர்க்காத ஸ்பஞ்ச் கேக் மாவில் அரைத் தேக்கரண்டி விட்டாராம். ஓவனில் கேக் வெந்துகொண்டிருந்தபோது மாடிப்படி தாண்டித் தெருவரை மணந்திருக்கிறது. ஆறவைத்துத் துண்டு போட்டால் இனிப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. "எசென்ஸ்தான் பறந்துபோகும், எண்ணெய் சூட்டைத் தாங்கும் என்றல்லவா கடைக்காரர் சொன்னார்?" என்று கேட்கிறார். அதே எண்ணெயைச் சாக்லேட்டில் விடலாமா என்பது அவருடைய துணைக்கேள்வி.

ஆரஞ்சுத் தோலை மடக்கி அடுத்தவர் கண்ணில் பீய்ச்சி அடிவாங்கிய எவருக்கும் இந்த எண்ணெயை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தோலின் நிறமுள்ள மேற்பகுதியில் நுண்ணிய பைகளுக்குள் அடைபட்டிருப்பது அதுதான். அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தப் பீய்ச்சலை அதிவேகக் கேமராவில் பிடித்து, துளி புறப்படும் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஏறத்தாழ 5000 மடங்கு என்று 2018-இல் வெளியிட்டார்கள். ஆரஞ்சுத் தோலைப் பிதுக்கிப் பார்க்க நம் ஊரில் ஒருவர் நிதி கேட்டிருந்தால், "இதனால் நாட்டுக்கு என்ன பயன்?" என்ற ஒரே கேள்வியில் விண்ணப்பம் திரும்பியிருக்கும் என்பது என் நெடுநாள் ஆதங்கம். புது வண்டியின் சக்கரத்தடியில் நசுங்கும் எலுமிச்சம்பழம் திருஷ்டியைப் போக்கும் என்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அது நசுங்கியதும் எழும் மணம், இதே போன்ற எண்ணெய்ப் பைகள் உடைவதால் வருவது.

ஆரஞ்சு எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் லிமோனீன் என்னும் ஒரே சேர்மம். நூற்றில் ஒரு பங்கைக்கூடத் தொடாத ஆக்டனால், டெக்கனால் போன்றவையே அதற்கு ஆரஞ்சின் முகத்தைத் தருகின்றன. வாழைப்பழத்திலும் அன்னாசியிலும் இப்படித் தோலைப் பிழிந்து எண்ணெய் எடுக்க வழியில்லை என்பதால், அவற்றின் மணத்துக்குப் பொறுப்பான எஸ்டர்களைத் தயாரித்துத் தாவர எண்ணெயில் கரைத்து விற்கிறார்கள். வாழைப்பழ மணத்தின் உயிரான ஐசோஅமைல் அசிட்டேட், பழத்தில் உருவானாலும் ஆலையில் உருவானாலும் ஒரே மூலக்கூறுதான். "கெமிக்கல்" என்ற சொல்லைக் கேட்டதும் குழந்தையின் கையிலிருந்து மிட்டாயைப் பிடுங்குபவர்கள் இதைச் சற்று யோசிக்கலாம்.

இனி கடைக்காரரின் வாக்குக்கு வருவோம். எசென்ஸில் கரைப்பானாக இருக்கும் ஆல்கஹால் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், லிமோனீனோ 176 டிகிரியில்தான் கொதிக்கும். ஓவனை 180-இல் வைத்தாலும், ஈரம் இருக்கும்வரை கேக்கின் உட்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே எண்ணெய் பத்திரமாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போடத் தோன்றும். அந்தக் கணக்கில் விட்டுப்போனது தண்ணீர்.

ஒரு திரவம் கொதிப்பதென்றால், அதன் ஆவியழுத்தம், அதாவது அதிலிருந்து எழும் ஆவி தரும் அழுத்தம், சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தை எட்டுகிறது என்று பொருள், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்கள் ஒரே பாத்திரத்தில் இருந்தால், ஒவ்வொன்றும் மற்றது இருப்பதையே கண்டுகொள்ளாமல் தன் முழு ஆவியழுத்தத்தையும் தருகிறது. கொதிப்பதற்கு இரண்டின் கூட்டுத்தொகை காற்றழுத்தத்தை எட்டினால் போதும். தனி ஆட்டோவுக்கான முழுக் காசும் சேர லிமோனீன் 176 டிகிரிவரை காத்திருக்க வேண்டும். நீருடன் ஷேர் ஆட்டோவில் ஏறினால், காசில் பத்தில் ஒன்பது பங்கை நீரே கொடுத்துவிடுகிறது. 98 டிகிரிக்குள் இருவரும் கிளம்பிவிடுகிறார்கள். இதில் என்னை ஒவ்வொரு முறையும் வியக்கவைப்பது எடைக்கணக்கு. அந்த ஆவியில் ஏறத்தாழ பத்துப் பதினொரு நீர் மூலக்கூறுகளுக்கு ஒரு லிமோனீன் மூலக்கூறுதான் இருக்கும். ஆனால் நீரின் மூலக்கூறு எடை 18, லிமோனீனுடையது 136. எனவே 100 கிராம் நீராவி போகும்போது 60 கிராமுக்கும் மேற்பட்ட எண்ணெயைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போக முடியும்! தைலம் வடிப்பவர்கள் நம்பியிருப்பது இந்த ஏற்பாட்டைத்தான். வாசகியின் ஓவனும் ஒரு மணிநேரத்துக்கு தைலம் வடிக்கும் ஒரு வாலையாக வேலை செய்திருக்கிறது. ஒரு கேக் வேகும்போது மாவின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நீராவியாக வெளியேறும். அரைத் தேக்கரண்டி எண்ணெய் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. மாவுச்சத்தும் மஞ்சள்கருவும் கொஞ்சம் பிடித்துவைத்திருக்கும், மீதியைத் தெரு அனுபவித்தது.

தப்பிக்க வழி கொழுப்பு. லிமோனீன் நீரில் கரையாது, வெண்ணெயில் நன்றாகக் கரையும்; கரைந்தபின் தன் முழு ஆவியழுத்தத்தையும் காட்ட அதனால் இயலாது. அரைத் தேக்கரண்டி எண்ணெய் 100 கிராம் வெண்ணெயில் கரைந்தால், அதன் ஆவியழுத்தம் தோராயமாகப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதனால் எண்ணெயைப் பாலிலோ முட்டையிலோ விடாமல், வெண்ணெயும் சர்க்கரையும் குழைக்கும்போதே சேர்த்துவிட வேண்டும். ஸ்பஞ்ச் கேக்தான் வேண்டுமென்றால், ஆறியபின் தடவும் வெண்ணெய்க் கிரீமில் விடலாம். ஆரஞ்சு கிரீம் பிஸ்கட்டில் மணம் நடுவிலிருக்கும் கிரீமில் தூக்கலாக இருப்பதும் தற்செயல் அல்ல, கிரீம் ஓவனுக்குள் போவதே இல்லை.

பெட்டிக்கடைப் பாட்டிலில் சுளை வடிவில் கிடக்கும் ஆரஞ்சு மிட்டாய் இதற்கு நேர்மாறான அழகு. பாகை 150 டிகிரிவரை காய்ச்சி இறக்கி, 130-ஐ ஒட்டி ஆறியதும் எண்ணெய் விடுவார்கள். கேக்கைவிடச் சூடு அதிகம், மணமோ நிற்கிறது. நூற்றில் ஒன்றிரண்டு பங்கு நீரே எஞ்சிய அந்தப் பாகின் கொதிநிலை 150. 130-இல் அது கொதிக்காது, ஏறிப்போக நீராவிக் குமிழியும் இல்லை. எண்ணெயில் கொஞ்சம் தானாகவே ஆவியாகி, கிளறுபவரின் மூக்கில் சுருக்கென்று ஏறுவது உண்மைதான். மீதி, பாகு கண்ணாடியாக இறுகும்போது நுண்துளிகளாக உள்ளேயே சிறைப்படுகிறது. அதே பாகில் நீர் கலந்த எசென்ஸை ஊற்றினால் சீறிக் கொதித்து மணத்தையும் கொண்டுபோய்விடும், கையையும் சுட்டுவிடும்.

சாக்லேட்டுக்கு எண்ணெய்தான் ஏற்றது. கோகோ வெண்ணெயில் மிதக்கும் சர்க்கரைத் துகள்களை ஒரு சொட்டு நீர் நனைத்தாலும் அவை ஒன்றோடொன்று ஒட்டி, உருகிய சாக்லேட் சேறுபோல் திரண்டுவிடும். எண்ணெய் கொழுப்போடு கலந்துவிடுவதால் அந்த வம்பு இல்லை. எசென்ஸ் ஒரு தேக்கரண்டி என்றால் இது கால் தேக்கரண்டியில் தொடங்கட்டும், மிகுந்தால் நாக்கு கசந்து எரியும். அடித்து நுரைத்த முட்டை வெள்ளைக்கருவில் மட்டும் விடவேண்டாம், நுரை அமுங்கிவிடும்.

அளப்பதற்குக் கண்ணாடியோ எவர்சில்வரோ எடுங்கள். ஒருமுறை நான் சொட்டுகளை எண்ணித் தெர்மாகோல் கிண்ணத்தில் விட்டேன். லிமோனீனில் பாலிஸ்டைரீன் கரையும் என்று படித்திருந்தும் கை யோசிக்கவில்லை. அடிப்பாகம் பிசினாக இளகி, சமையல் மேடையில் ஒட்டிக்கொண்டது. காற்றும் வெளிச்சமும் பட்டாலும் லிமோனீன் ஆக்சிஜனேற்றம் அடைந்து கெடும், சென்னை வெயிலில் அது இன்னும் விரைவாக நடக்கும். இறுக மூடிய சிறிய கரும்பழுப்பு பாட்டிலில் ஃபிரிட்ஜில் வைப்பதே நல்லது. திறந்ததும் ஆரஞ்சுக்குப் பதில் டர்பன்டைன் வாடை வந்தால், அந்தப் பாட்டிலை எந்த வெண்ணெயாலும் காப்பாற்ற முடியாது.