கூண்டுப் பாம்பின் தாகம்

பாம்புக் கூண்டில் தண்ணீர்க் கிண்ணம் நிறைந்தே இருக்கும். பக்கத்தில் சுருண்டு கிடக்கும் பாம்பு உள்ளுக்குள் வறண்டுகொண்டிருக்கும். மாடு தாகமெடுத்தால் கத்தும். பாம்பு எதையும் காட்டிக்கொள்ளாது. விஷமில்லாத பாம்பென்றால் கையில் எடுத்துத் தோலைத் தடவிப் பார்க்கலாம். கண்ணாடி விரியனை அப்படி எடுக்க முடியாது. அதனால் உயிரியல் பூங்காவிலும் விஷம் எடுக்கும் நிலையத்திலும் நச்சுப் பாம்பின் நீர் வறட்சி முற்றிய பிறகே கண்ணில் படும் ஆபத்து அதிகம்.

பிரச்சினை சிறுநீரகத்தில் தொடங்குகிறது. நமக்குத் தண்ணீர் குறைந்தால் சிறுநீரகம் சிறுநீரை அடர்த்தியாக்கி நீரை மிச்சம் பிடிக்கும். அதற்கு உதவும் ஹென்லி வளைவு பாம்பின் சிறுநீரகத்தில் இல்லை. ரத்தத்தைவிட அடர்த்தியான சிறுநீரை அதனால் உண்டாக்க முடியாது. சிறுநீர்ப்பையும் கிடையாது. பதிலுக்கு, புரதக் கழிவைப் பெரும்பாலும் யூரிக் அமிலமாக வெளியேற்றுகிறது. அது நீரில் எளிதில் கரையாது. கழிவுப் புழைக்கு வந்ததும் வெள்ளைப் பசையாகப் படியும், கூட வந்த தண்ணீரை உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அருமையான சிக்கனம்தான். ஆனால் சிறுநீரக நுண்குழாய்களிலிருந்து புழை வரைக்கும் அந்த அமிலத்தை அடித்துக்கொண்டு வர ஓட்டம் வேண்டுமே! தண்ணீர் குறைந்தால் படிகங்கள் சிறுநீரகத்துக்குள்ளேயே தங்கிவிடும். ரத்தத்தில் அளவு ஏறினால் இதய உறையிலும் கல்லீரலிலும் போய்ப் படியும். மனிதர்களுக்குக் கால் கட்டைவிரலை வீங்கவைக்கும் அதே கௌட் நோய்தான் இது. பாம்புக்கு உள்ளுறுப்புகளில் வந்துவிட்டால் காப்பாற்றுவது மிகக் கடினம்.

நுரையீரல் தொற்றுக்கு ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசிகளைப் போடும் முன் கால்நடை மருத்துவர் நீர்ச்சத்தைச் சரிபார்ப்பதும் இதனால்தான். அந்த மருந்துகளே சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியவை. வறண்ட உடம்பில் போட்டால் இரட்டை அடி.

ஆக, கூண்டைச் சுத்தம் செய்பவர் முதலில் பார்க்க வேண்டியது எச்சத்தை. வெள்ளையாக, மென்மையாக இருந்தால் நல்லது. மஞ்சளாகி, கட்டிதட்டி இறுகியிருந்தால் தண்ணீர் போதவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். அப்புறம், உரித்த சட்டை. பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவே திரவம் சுரந்தால்தான் சட்டை ஒரே உறையாகக் கழலும். வறண்ட பாம்பு அதைத் துண்டுதுண்டாக உரிக்கும். கண்ணை மூடியிருக்கும் கண்ணாடிச் செதில் சில சமயம் கழலாமல் ஒட்டிக்கொண்டுவிடும். சட்டை கிடைத்தால் தலைப்பகுதியை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு கண் மூடிகளும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். கூண்டைத் திறந்து பாம்பைத் தொடாமலே தெரிந்துகொள்ளக்கூடிய சேதி இது.

பாம்பு நாக்கால் நக்கிக் குடிப்பதில்லை. நாக்கு வாசனை பிடிக்கத்தான். வாய் நுனியைத் தண்ணீரில் வைத்து அசையாமல் இருக்கும், தாடை மட்டும் லேசாகத் துடிக்கும். டேவிட் கண்டால் என்ற அமெரிக்க விலங்கியலாளரின் குழு 2012ல் இதை விளக்கியது. கீழ்த்தாடையின் உட்புறத் தோலில் நிறைய மடிப்புகள் உள்ளன. தாடை விரியும்போது அவை பஞ்சைப் போலத் தண்ணீரை ஈர்க்கின்றன. தசைகள் இறுகும்போது பிழிந்து தொண்டைக்குத் தள்ளுகின்றன. அவர்கள் ஆராய்ந்த பாம்புகளில் ஒன்று, காட்டன்மவுத் என்னும் நச்சு விரியன்.

நல்ல பாம்பு கிண்ணத்தில் குடிக்கும். எல்லாப் பாம்பும் அப்படியல்ல. மரத்திலேயே வாழும் மூங்கில் குழிவிரியனும் ஆப்பிரிக்கப் புதர் விரியன்களும் இலையிலும் தங்கள் செதிலிலும் நிற்கும் துளிகளைக் குடித்துப் பழகியவை. ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்தில் மணலில் புதையும் சிறிய விரியன் ஒன்று, தன் உடம்பில் படியும் மூடுபனியையே குடித்து வாழ்கிறது. மழை பெய்தால் உடம்பைத் தட்டையாக்கிச் சுருண்டு, சுருளில் தேங்கும் நீரைக் குடிக்கும் ரேட்டில் பாம்புகளும் (வாலை ஆட்டிக் கிலுகிலுவென ஒலி எழுப்பும் அமெரிக்க விரியன்கள்) உண்டு. இவற்றுக்குக் கிண்ணம் மட்டும் வைத்தால் போதாது. உடம்பு நனையத் தெளிப்பானால் தண்ணீர் அடிக்க வேண்டும்.

அதற்காகக் கூண்டையே சேறாக்கிவிடக் கூடாது. காய்ந்த புதர்க்காட்டுச் சுருட்டை விரியனை எப்போதும் ஈரத்தில் வைத்தால் வயிற்றுச் செதில்களில் கொப்புளமும் நுரையீரலில் தொற்றும் வரும். கூண்டு உலர்ந்திருக்கட்டும், ஒரு மூலையில் மட்டும் ஈரப்பாசி போட்ட ஒளிவிடம் இருக்கட்டும். எங்கே படுப்பது என்று பாம்பு முடிவு செய்துகொள்ளும்.

கடல்பாம்பின் கதை இன்னும் வியப்பானது. உப்பைச் சுரப்பியால் வெளியேற்றிவிட்டுக் கடல்நீரையே குடித்து வாழ்கிறது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். ஹார்வி லில்லிவைட் என்ற அமெரிக்க உயிரியலாளரின் குழுவினர் மஞ்சள் வயிற்றுக் கடல்பாம்புகளைப் பிடித்துச் சோதித்தபோது, வறண்டுபோன நிலையிலும் அவை கடல்நீரைத் தொடவில்லை; நன்னீர் கொடுத்தபோது குடித்தன. கடலில் கனமழைக்குப் பின் மேற்பரப்பில் மிதக்கும் நன்னீர்ப் படலம்தான் அவற்றின் குடிநீர். ஆகவே, உப்புநீர்த் தொட்டியில் கடல்பாம்பை வைத்திருப்பவர்களும் நன்னீருக்கு வழி செய்தாக வேண்டும்.

'எலியில் முக்கால்வாசி தண்ணீர்தானே, அது போதாதா?' என்று தோன்றும். போதாது. ரேட்டில் பாம்புகளை வைத்து அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் செய்து 2019ல் வெளியிட்ட ஆய்வு, இரை தின்பதால் அவற்றின் நீர்நிலை மேம்படுவதில்லை என்று காட்டியது. செரிமானத்துக்கும் கழிவு அகற்றவும் தண்ணீர் செலவாகிறது.

கிண்ணம் கனமாக, கவிழாததாக இருக்க வேண்டும். கூண்டுக் கதவின் வழியில் வைக்கக் கூடாது. தண்ணீர் மாற்றும்போதுதான் கை உள்ளே போகிறது, கடி படவும் அதுதான் வாய்ப்பு. பாம்பு ஒளிந்துகொள்ள, வெளியிலிருந்தே பூட்டக்கூடிய பெட்டி ஒன்று இருந்தால், பாம்பு அதற்குள் போனதும் பூட்டிவிட்டுக் கிண்ணத்தை நிதானமாகக் கழுவலாம். அவசரத்துக்கு நீண்ட குழாய் வழியாக ஊற்றலாம். ஆனால் கழுவாத கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே போனால் எச்சமும் கிருமியும் சேர்ந்து தாகத்தைவிடப் பெரிய தொல்லையாகும்.

நாகபஞ்சமி நாளில் பால் குடிக்கும் பாம்புகள் மனதை வருத்துகின்றன. பாம்பாட்டிகள் பல நாள் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்த நல்ல பாம்பு, எந்தத் திரவம் கிடைத்தாலும் குடிக்கும். பால் அதற்குச் செரிக்காது. மூச்சுக்குழாயில் புகுந்தால் நுரையீரலும் கெடும்.

அப்படி மீட்கப்பட்டு வரும் பாம்புக்கு உடனே எலி போடத்தான் கை பரபரக்கும். போடக் கூடாது. செரிக்கத் தேவையான தண்ணீரே அந்த உடம்பில் இல்லை. காற்றோட்டமுள்ள மூடி போட்ட வாளியில், பாம்பின் உடல் பருமனைவிடக் குறைந்த ஆழத்துக்கு, தொட்டால் சூடோ குளிரோ தெரியாத தண்ணீரில் வைத்து, கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும். தலையைத் தூக்க முடியாத அளவுக்குச் சோர்ந்த பாம்பென்றால் இதுகூட ஆபத்து. மருத்துவர் ஊசி வழியாகத் திரவம் ஏற்றுவார். தானாகக் குடிக்கத் தொடங்கி, எச்சம் மென்மையாக வரத் தொடங்கிய பிறகுதான் இரை. அதுவும் வழக்கத்தைவிடச் சிறியதாக, தண்ணீரில் நனைத்து.